அத்தை நிலத்தில் விழுந்த பச்சை

— பச்சை போயிடுச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க மாப்ள. மத்த கதையெல்லாம் அப்புறம்.

— போயிடுச்சு அத்தை. உங்க நிலத்து மேல இனிமே ஒரு பொட்டுப் பச்சை கிடையாது. குப்பைக் கிடங்கு அங்க வரல.

— இன்னொரு தடவை சொல்லுங்க.

— குப்பைக் கிடங்கு உங்க நிலத்துக்கு வரல.

— அப்பாடா. இருங்க, உக்காந்துக்கிறேன். மூணு மாடி ஏறி வந்தப்ப வராத மூச்சு இப்பதான் வருது. இது என்ன நாற்காலி, உக்காந்தா தன்னால நகருது?

— சக்கரம் வச்சது அத்தை. மேசையைப் பிடிச்சுக்கிட்டுக் காலைத் தரையில ஊனுங்க, நிக்கும்.

— நிலத்தைக் காப்பாத்திட்டு மாமியாரை உருட்டி விட்டுடாதீங்க. நல்லா இருப்பீங்க மாப்ள. எப்படியோ எங்க நிலத்தைக் காப்பாத்திக் கொடுத்துட்டீங்க.

— அத்தை, கும்பிட்டுக் கேட்டுக்கிறேன், அந்த வார்த்தையை மட்டும் இங்க சொல்லாதீங்க. நான் காப்பாத்தல. நான் இந்தப் புது மேப்பைத் தொடவே இல்ல.

— யாரு இருக்கா இங்க? அறை பூரா கம்ப்யூட்டர்தான் முழிச்சுக்கிட்டு இருக்கு.

— எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்க. இப்ப வந்துடுவாங்க. வந்தவங்க காதுல 'மாப்ள காப்பாத்தினார்'னு விழுந்துச்சுன்னா, இந்த ஒரு மாசமா நான் பட்ட பாடு அத்தனையும் வீண்.

— நீங்க என்ன பாடு பட்டீங்க? நிலம் என்னோடது. தூக்கம் கெட்டது எனக்கு.

— எனக்கு மட்டும் தூக்கம் வந்துச்சா? அந்த முதல் மேப்பைப் போட்டவனே நான்தான் அத்தை. கணக்கு முடிஞ்சு ஸ்கிரீன்ல பச்சை விழுது, எந்த இடம்னு கிட்ட இழுத்துப் பார்க்குறேன், உங்க வேலி. நேரா மேனேஜர் ரூமுக்குப் போனேன். 'சார், இது என் வீட்டுக்காரியோட அம்மா நிலம். இனிமே இந்த வேலையில நான் கை வைக்க மாட்டேன், வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க'ன்னு சொல்லிட்டேன். எதிர் சீட்டு மேடம்கிட்ட கொடுத்தாரு.

— அன்னிக்கே கொஞ்சம் அழிச்சு விட்டிருந்தா முடிஞ்சு போச்சேன்னு சின்னவன் சொன்னான்.

— சின்ன மச்சான் அப்படித்தான் சொல்லுவாரு. அழிச்சேன்னு வச்சுக்கோங்க, வேலை போயிருக்கும். வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். மாமியார் நிலத்துக்காக மேப்பை மாத்தினவன்னு பேர் வந்துட்டா? அப்புறம் நான் ஒரு கோடு போட்டாக்கூட எவன் நம்புவான்? எங்க தொழில்ல மூலதனமே அதுதான் அத்தை. அதனாலதான் உங்களையும் இந்தப் பக்கமே வரக் கூடாதுன்னு சொன்னேன்.

— இங்க வரக் கூடாது, போன்ல கேக்கக் கூடாது, வீட்டுக்கு வந்தா அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. ஏதோ கொலைக் கேசு மாதிரி. என்னமோ போங்க, பெத்த பொண்ணு வீட்ல வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

— மன்னிச்சுக்கோங்க. உங்க பொண்ணுகிட்டயும் அதையேதான் சொன்னேன். 'இந்த வேலை முடியற வரைக்கும் அந்த நிலத்தைப் பத்தி நல்லதோ கெட்டதோ என் காதுல ஒரு வார்த்தை விழக் கூடாது'ன்னு. தங்கமானவ அத்தை. அதுக்கப்புறம் வாயே திறக்கல.

— நான் வளர்த்த வளர்ப்பு அப்படி. சரி, வராதேன்னவர் இன்னிக்கு எதுக்கு வான்னீங்க?

— காலையில கீழ நோட்டீஸ் போர்டுல புது மேப்பை ஒட்டியாச்சு. ஊர்ல யார் வேணும்னாலும் பார்க்கலாம். உங்க கண்ணால நீங்களே பார்த்துட்டா நிம்மதின்னுதான் கூப்பிட்டேன். இங்க பாருங்க, இந்தப் பெரிய ஸ்கிரீன்ல. இதுதான் நம்ம ஊரு.

— இதா ஊரு? ஒட்டுப் போட்ட போர்வை மாதிரி கட்டம் கட்டமா இருக்கு.

— சரியாச் சொன்னீங்க. அதாவது, ஊர் முழுக்க டைல்ஸ் பதிச்ச மாதிரி கட்டமா வெட்டிடுவோம். ராஸ்டர்னு சொல்லுவோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் மார்க் உண்டு.

— பரிட்சையா?

— பரிட்சையேதான். குப்பை கொட்ட இந்த இடம் லாயக்கான்னு பரிட்சை. வீடுங்க தள்ளி இருக்கா, அதுக்கு மார்க். லாரி உள்ள வருமா, அதுக்கு மார்க். மழைத் தண்ணி நிக்காம இருக்குமா, மண்ணு கெட்டியா, அழுக்குத் தண்ணி கீழ இறங்காதா. பாடத்துக்கு ஒரு மேப். எல்லா மேப்பையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி மார்க்கைக் கூட்டினா, எந்தக் கட்டம் நிறைய வாங்குதோ அது பச்சை.

— என் நிலம் அதுல பாஸ் பண்ணிடுச்சாக்கும்.

— பாஸா? ஊருக்கே முதல் மார்க்.

— நான் பெத்த ரெண்டு பசங்களும் சேர்ந்து வாங்காத மார்க்கு. அதைப் போய் குப்பை கொட்டறதுலயா வாங்கணும்?

— அந்த மார்க் எப்படி வந்துச்சுன்னு மேடம் குடைஞ்சு குடைஞ்சு பார்த்தாங்க. அத்தை, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது.

— கோவம் வர்ற மாதிரி கேக்காதீங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

— தொப்பி போட்டுக்கிட்டு, கையில டேப்லெட் வச்சுக்கிட்டு, ஒரு பொண்ணு உங்க நிலத்துக்கு வந்தாளா? மழை விட்ட சமயத்துல?

— வந்தா. நல்ல பொண்ணு. நடந்து நடந்து முகமெல்லாம் கறுத்துப் போயிருந்துச்சு. உக்கார வச்சுத் தண்ணி கொடுத்தேன். நாலு வார்த்தை பேசிட்டுப் போனா.

— அந்த நாலு வார்த்தையை இன்னிக்குக் காலையில மேடம் என்கிட்டக் காட்டினாங்க. படிக்கட்டுமா? 'தண்ணி ஒரு நாளும் நிக்காது. அக்கம்பக்கம் வீடே கிடையாது, ஒரு சத்தம் இல்ல, ஒரு தொந்தரவு இல்ல. லாரி திரும்பாம நேரா உள்ள வரும். மண்ணு கெட்டிக் களிமண்ணு, ஊத்தின தண்ணி ஒரு சொட்டு கீழ இறங்காது.' நீங்க சொன்னதுதானே?

— சொன்னேன். அதுல என்ன தப்பு?

— தப்பே இல்ல. குப்பைக் கிடங்குக்கு எப்படி இடம் வேணும்னு எங்க மேனேஜர் எழுதி வச்சதை அப்படியே ஒப்பிச்சிருக்கீங்க.

— எனக்கு எப்படித் தெரியும் மாப்ள? நான் வேற நெனச்சேன். பாகம் பிரிக்கிறதுக்கு முன்னாடி நிலத்துக்கு மதிப்புப் போட ஆள் வரும்னு பெரியவன் சொல்லியிருந்தான். தொப்பியும் டேப்லெட்டுமா ஒருத்தி வந்து 'எப்படிங்கம்மா நிலம்'னு கேட்டா நான் வேற யாருன்னு நெனப்பேன்? மதிப்பு ஏறட்டும்னு கொஞ்சம் தூக்கியே சொன்னேன். என் பொண்ணைப் பார்க்க நீங்க வந்தப்போகூட நான் அவளை அவ்வளவு புகழ்ந்து பேசல.

— அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு அத்தை. 'கோவக்காரி, சமைக்கத் தெரியாது, அப்புறம் சொல்லலைன்னு சொல்லக் கூடாது'ன்னீங்க.

— உள்ளதைச் சொன்னேன். நிலத்துலதான் உள்ளதைச் சொல்லாம விட்டுட்டேன். அது களிமண்ணே கிடையாது மாப்ள. வேலி வாசல் கிட்ட கொஞ்சம் களி. உள்ள போகப் போக மணலும் கூழாங்கல்லும்தான். ஊத்துற தண்ணி போற இடம் தெரியாது.

— ஆனா அந்தப் பொண்ணைத் தோண்டிப் பார்க்க விடலையாமே நீங்க.

— புதுசா நட்ட செடி மாப்ள. ஒரு திருகு மாதிரி கம்பியை எடுத்துக்கிட்டு நடுவுல போறா. 'காலை வைக்காதம்மா, நான்தான் சொல்றேனே களிமண்ணுன்னு'ன்னு சொல்லி நிறுத்திட்டேன்.

— அவளும் நேர்மையாதான் எழுதியிருக்கா. 'தோண்டவில்லை, உரிமையாளர் சொன்னது'ன்னு பக்கத்துலயே குறிப்பு. தப்பு எங்க பக்கம். அந்தப் பதிலைக் கட்டத்துக்குள்ள ஏத்தும்போது எண்ணு மட்டும்தான் உள்ள போச்சு, குறிப்பு வெளியவே நின்னுடுச்சு. கட்டத்துக்குள்ள போயிட்டா, தோண்டிப் பார்த்து எழுதினதா, மாமியார் சொல்லி எழுதினதான்னு வித்தியாசமே தெரியாது. எல்லாம் ஒரே எண்ணுதான்.

— அதுக்குன்னு இவ்வளவு பெரிய பச்சையா? நான் என் வேலிக்குள்ள இருக்கற மண்ணைத்தானே சொன்னேன்.

— அங்கதான் அத்தை விஷயம். ஊர்ல எல்லாக் கட்டத்துலயும் போய்த் தோண்ட முடியாது. அங்கங்க தோண்டுவோம். நடுவுல இருக்கற இடத்துக்கெல்லாம், பக்கத்துல என்ன மண்ணுன்னு பார்த்து, கம்ப்யூட்டரே ஊகிச்சு நிரப்பிக்கும்.

— ஊகிச்சா? அரசாங்க வேலையில ஊகம் உண்டா?

— எங்க வேலையில பாதி அதுதான். மரியாதையா ஒரு பேர் வச்சிருக்கோம், அவ்வளவுதான். உங்க பக்கத்துல வேற எங்கயும் தோண்டல. அதனால உங்க களிமண்ணு பக்கத்து நிலத்துக்குப் போயி, அதுக்கு அடுத்ததுக்குப் போயி, ரோட்டுக்கு அந்தாண்ட செங்கல் சூளை வரைக்கும் பரவிடுச்சு.

— என் பேச்சு செங்கல் சூளை வரைக்கும் போயிருக்கா?

— கல்யாணம் ஆன நாளா நான் பார்த்ததுலயே அதுதான் அதிக தூரம்.

— கிண்டல் பண்ணுங்க, கிண்டல் பண்ணுங்க. இன்னிக்கு நீங்க என்ன சொன்னாலும் எனக்குச் சிரிப்புதான் வரும். இந்த ஒரு மாசமா அந்த நிலத்துல கால் வைக்கவே மனசு வரல மாப்ள. உங்க மாமா ஒவ்வொரு வேலிக்காலும் அவர் கையால ஊனினது. அங்க லாரி லாரியா வந்து குப்பையைக் கவிழ்க்கிறதை நான் எப்படிப் பார்ப்பேன்?

— எனக்குத் தெரியாதா அத்தை. எனக்கும் அதே வேதனைதான். வாயைத் திறக்க முடியாத வேதனை. மத்தியானம் மேடமும் மேனேஜரும் அந்த மேப்பைத் திறந்து வச்சுப் பேச ஆரம்பிச்சா, நான் எழுந்து மாடிப்படியில போய் நின்னுக்குவேன். ஒருத்தர் வந்து 'என்ன சார், மாமியார் வீட்டு விஷயமா'ன்னு சிரிப்பாரு. நானும் சிரிச்சு வைப்பேன். உள்ளுக்குள்ள அவரைத் தூக்கிப் படியில உருட்டலாமான்னு இருக்கும்.

— அப்புறம் போன வாரம் அதே பொண்ணு திரும்ப வந்தா. அந்தத் திருகுக் கம்பியோட.

— மேடம்தான் அனுப்பினாங்க. அந்தக் குறிப்பைக் கண்டுபிடிச்சதும், 'சொன்னது வேண்டாம், தோண்டினது வேணும்'னு சொல்லி அனுப்பியிருக்காங்க. அது எனக்கே இன்னிக்குக் காலையிலதான் தெரியும்.

— இந்தத் தடவை நான் வாயைத் திறக்கல மாப்ள. செடி போனாப் போகுதுன்னு ஒரு ஓரமா நின்னேன். நாலஞ்சு இடத்துல திருகி, மண்ணை எடுத்துப் பையில போட்டுக் கட்டினா. 'என்னம்மா'ன்னு கேட்டேன். 'ஆபீஸ்ல சொல்லுவாங்கம்மா'ன்னுட்டுப் போயிட்டா.

— எல்லாம் மணல் அத்தை. அங்க குப்பையைக் கொட்டினா அழுக்குத் தண்ணி நேரா கீழ இறங்கி, அந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் நாறிப் போயிருக்கும். மண்ணுப் பாடத்துல உங்க நிலம் முட்டை. மொத்தக் கணக்கையும் திரும்பப் போட்டாங்க. இப்ப பச்சை எங்க விழுந்திருக்கு பாருங்க, இங்க, மேல மூலையில.

— இது அந்தப் பழைய கல் குவாரி இல்ல? ஆடு மாடுகூடப் போகாதே அந்தப் பக்கம்.

— அதேதான். கீழ பூரா பாறை. தண்ணி இறங்காது, வீடு கிடையாது, லாரி போற பாதை ஏற்கெனவே இருக்கு. யாருக்கும் வயித்தெரிச்சல் இல்ல.

— இப்பதான் மாப்ள எனக்கு முழு நிம்மதி. என் தலையில இருந்து இறங்கினது வேற எவ தலையிலயாவது போய் ஏறிடுமோன்னு ஒரு பயம் இருந்துச்சு. எவ வயித்தெரிச்சலும் நமக்கு வேண்டாம்.

— எனக்கு நிம்மதி எப்ப வந்துச்சு தெரியுமா? காலையில மீட்டிங்கு. எல்லாரும் இருக்காங்க. மேனேஜர் புது மேப்பைக் காட்டிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாரு. 'நாளைக்கு எவனாவது புகார் எழுதிப் போடுவான். அதனால எல்லார் முன்னாடியும் கேக்குறேன். அந்த நிலத்துல உங்களுக்கோ உங்க மனைவிக்கோ ஏதாவது பாத்தியதை உண்டா?'

— அப்படி மூஞ்சிக்கு நேராவா கேட்டாரு?

— கேக்கணும் அத்தை, அவர் வேலை அது. நான் எழுந்து நின்னு சொன்னேன். 'இல்ல சார். அது என் மாமியார் நிலம். அவங்களுக்கு அப்புறம் என் மச்சானுங்க ரெண்டு பேருக்கும்தான். அவங்களே பல வருஷமா அதுக்கு அடிச்சுக்கிறாங்க, ஊருக்கே தெரியும். எனக்கோ என் வீட்டுக்காரிக்கோ அதுல ஒரு பிடி மண்ணு கிடையாது.' அப்படியே மீட்டிங் குறிப்புல ஏத்திக்கிட்டாங்க. 'இந்த ஆபீஸ்ல உங்க மேல ஒரு தூசி கிடையாது'ன்னாரு மேனேஜர். மேடம் கை தட்டினாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

— ஒரு பிடி மண்ணு கிடையாதுன்னா சொன்னீங்க?

— ஆமா. அதுதானே உண்மை. ஏன் அத்தை சிரிக்கிறீங்க?

— ஒண்ணும் இல்ல. இந்த நாற்காலி திரும்ப நகருது.

— காலை ஊனுங்க. எனக்கு இப்ப ஒரே ஒரு கவலைதான். நிலம் தப்பிச்சதுன்னு தெரிஞ்சா மச்சானுங்க ரெண்டு பேரும் திரும்ப மல்லுக்கட்ட ஆரம்பிச்சுடுவாங்களே. கிழக்குப் பக்கம் எனக்கு, மேற்குப் பக்கம் உனக்குன்னு.

— அந்தச் சண்டை முடிஞ்சு போச்சு மாப்ள.

— முடிஞ்சு போச்சா? எப்போ?

— உங்க முதல் மேப்பு நோட்டீஸ் போர்டுல ஏறின அன்னிக்கே. குப்பை வரப் போகுது, நாத்தம் பிடிச்ச நிலம், அரசாங்கம் எடுத்தாலும் இழுத்தடிக்கும்னு தெரிஞ்சதும் ரெண்டு பேரும் மகான் ஆயிட்டானுங்க. பெரியவன், 'சின்னவன் பாவம், அவனே வச்சுக்கட்டும்'ங்கிறான். சின்னவன், 'அண்ணன் இருக்கும்போது எனக்கு எதுக்கு'ங்கிறான். ஒருத்தனை ஒருத்தன் வாங்க போங்கன்னு பேசிக்கிறானுங்க. நான் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்குறேன், இதுங்களை நானா பெத்தேன்னு இருக்கு.

— நான் போட்ட தப்பு மேப்பால ஒரு குடும்பச் சண்டை தீர்ந்துச்சுன்னா சந்தோஷம்தான் அத்தை.

— அந்த மரியாதை எத்தனை நாளைக்கு? அதனால அது ஆறிப் போறதுக்குள்ள காரியத்தை முடிச்சுடணும்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு தோண்டிட்டுப் போன மறுநாளே ரெண்டு பேரையும் பத்திரப்பதிவு ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போயி, பாத்தியதை இல்லைன்னு கையெழுத்துப் போட வச்சுட்டேன்.

— கெட்டிக்காரி அத்தை நீங்க. அப்ப சண்டைக்கு இனிமே வழியே இல்ல. சரி, கடைசியில யார் பேர்ல எழுதினீங்க, பெரியவரா, சின்னவரா?

— 'மாப்ள போட்ட மேப்புதானே அதைக் குப்பை ஆக்குச்சு, அது அவர் வீட்டுக்கே போகட்டும்'னு ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே சொன்னானுங்க; இத்தனை வருஷமா எதுவும் கொடுக்காத பொண்ணுக்கு இதாவது இருக்கட்டும்னு உங்க பொண்டாட்டி பேர்லயே எழுதி முடிச்சுட்டேன் மாப்ள.